ஆழம் பார்த்துச் சொன்னவள்

தன் இடுப்பு எவ்வளவு தாழ இறங்குகிறது என்பது மாவக்காவுக்குத் தெரியாது. இது அவளுடைய குறை அன்று. தோளில் இரும்புக் கம்பியைச் சுமந்துகொண்டு குந்தி எழுகிற எவருக்குமே அது தெரியாது. கண் நேரே பார்த்துக்கொண்டிருக்கும். இடுப்பும் முட்டியும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். குனிந்து பார்க்கலாம் என்றால் முதுகு வளையும். முதுகு வளைந்தால் கம்பி கழுத்தின் மேல் ஏறும். ஆகவே பக்கவாட்டில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். இடுப்பின் மடிப்பு முட்டியின் மேற்புறத்தைவிடக் கீழே போனதும் அவர் “ஏறு” என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் எழவேண்டும்.

மாவக்காவுக்கு அப்படிக் குரல் கொடுத்தவள் தபால்காரி.

இரண்டுமே உடற்பயிற்சிக்கூடத்தில் விழுந்த பெயர்கள். அந்தக் கூடத்து மாஸ்டருக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது, தொழில் நிற்கும். தெருத்தெருவாகத் தபால் பட்டுவாடா செய்கிறவள் தபால்காரி ஆனாள். மரியாதைக்குரிய பல் மருத்துவரேகூட அங்கே வந்தால் ‘பல்லு’தான். ரொட்டித் தொழிற்கூடத்தில் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பொறுப்பாளியாக இருந்தவள், வேலை முடிந்த கையோடு முழங்கை மடிப்பில் மாவு ஒட்டியபடியே வந்து நின்றதால் மாவக்கா ஆனாள்.

மாவு மூட்டைகளைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டபோது, முதுகைப் பலப்படுத்திக்கொள்ளச் சொல்லி மருத்துவர் அனுப்ப, வேண்டாவெறுப்பாக வந்தவள் அவள். சில மாதங்களில் முதுகுவலி போய்விட்டது, அவள் போகவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு தனக்கென்று ஓர் ஆசை முளைத்ததில் அவளுக்கே கூச்சம். வீட்டில் கேட்டால், “முதுகுக்காகத்தான்” என்பாள். அவள் கணவர் பூட்டு பழுதுபார்ப்பவர். மூடியிருக்கும் எதையும் திறந்து பார்த்துப் பழகியவர்.

“முதுகுக்குப் போறவ முகத்துல எதுக்கு இவ்வளவு சிரிப்பு?” என்று அவர் கேட்பார்.

“உங்களுக்கு எல்லாத்துலயும் கேலி.”

“கேலி இல்லம்மா. எனக்கும் முதுகு வலிக்குது. எனக்கு அழுகையாத்தான் வருது.”

கூடம் என்று பெயரே தவிர, டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கு அது. கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை இரண்டு சுவர்களுக்கு நடுவே நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் சுவரோடு சுவர். மறுபக்கத்தில் ஒரே ஓர் ஆள் ஒடுங்கி நிற்க இடம். மாஸ்டரின் மேஜை நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தூக்குகிறவரின் முகம் சிவப்பதுதான் தெரியும். கைபேசியில் படம் பிடிப்பதென்றாலும் முன்பக்கத்திலிருந்து மட்டுமே முடியும். ஆகவே அங்கே ஒருத்தியின் ஆழம் இன்னொருத்தியின் கண்ணில் மட்டுமே இருந்தது. மாவக்கா தூக்கும்போது தபால்காரி அந்தச் சந்தில் நின்றாள். தபால்காரி தூக்கும்போது மாவக்கா நின்றாள்.

மாவக்கா நின்றால் தபால்காரிக்கு உயிர் போய்விடும்.

“இன்னும் ரெண்டு விரல் இருக்கு. ஏறாத. இறங்கு.”

“அக்கா, கால் நடுங்குதுக்கா!”

“நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே இறங்கு.”

“உங்களுக்குக் கல்லு மனசுக்கா.”

“கல்லுதான். இறங்குடி, கதை பேசாம.”

ஒரு நாள் மாலை தபால்காரி கம்பியை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்து உண்மையாகவே அழுதுவிட்டாள். மாவக்கா பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பாதி பிய்த்துக் கொடுத்தாள், கண்ணைத் துடைத்துவிட்டாள். மறுநாள் மறுபடியும் “இன்னும் ரெண்டு விரல்” என்றாள். ஆழம் வரும்வரை எடையைக் கூட்ட அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால் தபால்காரி ஏற்றிய எடை ஆமை வேகத்தில்தான் வளர்ந்தது. ஆனால் அவள் குந்தினால் அது குந்தல். எவரும் குறை சொல்ல முடியாது.

மாவக்காவின் பாடு வேறு. அவள் இறங்கத் தொடங்கியதுமே தபால்காரியின் குரல் மலர்ந்துவிடும். “சூப்பர்க்கா! ஏறு! ஆழம்னா இதுதான் ஆழம்!” என்பாள். மாவக்காவும் எழுந்துவிடுவாள். தட்டுகள் வாரத்துக்கு வாரம் கூடின. மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் அவளுடைய எடையை அழித்து அழித்து எழுதினார். புதிதாகச் சேர வருகிற பெண்களிடம், “அதோ அந்தம்மாவப் பாருங்க, மாவு மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தவங்க, இப்ப இரும்பு மூட்டை தூக்குறாங்க” என்று காட்டினார். ரொட்டிக்கூடத்திலும் செய்தி பரவிற்று. அடுப்படியில் நிற்பவர் முதல் பொட்டலம் கட்டும் பெண்கள் வரை அவளைப் பார்த்தால் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டிச் சிரித்தார்கள். அவளும் பொய்க்கோபத்தோடு மாவை அள்ளி அவர்கள் மேல் வீசினாள்.

இப்படியிருக்கையில்தான் பவர்லிஃப்டிங் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. மாஸ்டர் இருவரையும் மேஜைக்கு அழைத்தார்.

“ரெண்டு பேரும் பேர் குடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே எடைப்பிரிவு. முதல்ல வர்றவங்க மட்டும்தான் அடுத்த பெரிய போட்டிக்குப் போகலாம். நான் மத்த பசங்களோட இருப்பேன். நீங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குங்க.”

“நான் இருக்கேன் மாஸ்டர், இவளப் பாத்துக்க” என்றாள் மாவக்கா. பிறகு தபால்காரியின் விலாவில் இடித்து, “நீ தினம் ரெண்டு பன்னு கூடத் தின்னு, மேல்பிரிவுக்குப் போயிடு. ரெண்டு பேருமே முதல்ல வந்துடலாம்” என்றாள்.

தபால்காரி சிரித்தாள். சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

போட்டி நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டரங்கில். கூடைப்பந்துக் கோடுகள் வரைந்த தரையின் நடுவில் மரமேடை. மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் மூன்று நடுவர்கள். எதிரில், இடுப்பும் முட்டியும் தெரியும்படி தாழ்வான நாற்காலியில் தலைமை நடுவர்; நரைத்த தலையும், ஒரு பிசிறு விடாத பார்வையும் உடைய பெண்மணி. தூக்கு சரி என்றால் நடுவர்கள் வெள்ளை விளக்கைப் போடுவார்கள். தவறு என்றால் சிவப்பு. இரண்டு வெள்ளையாவது விழவேண்டும்.

முறை மிக எளியது. எளியதாக இருப்பதாலேயே இரக்கமற்றது. முதலில் குந்தி எழவேண்டும். அடுத்து, படுத்தபடி மார்பிலிருந்து கம்பியைத் தள்ளவேண்டும். கடைசியில், தரையிலிருந்து தூக்கி நிமிரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். ஒரு முறை சொன்ன எடையைக் கூட்டலாம். குறைக்க மட்டும் முடியாது. குந்தி எழுவதில் மூன்று வாய்ப்பும் தவறினால், மீதி இரண்டையும் வேடிக்கைதான் பார்க்கவேண்டும்.

உடல் எடை பார்க்கிற அறையில், மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் மாவக்காவிடம் தொடக்க எடை என்ன என்று கேட்டாள்.

“நூறு கிலோ” என்றாள் மாவக்கா. சொல்லும்போதே அவளுக்கு உள்ளூர இனித்தது. பயிற்சியில் அவள் நூற்றுப் பத்து வரை போனவள்.

அந்தப் பெண் தலையை உயர்த்திப் பார்த்தாள். “முதல் போட்டியாம்மா? கொஞ்சம் குறைச்சே தொடங்குங்களேன். கூட்டிக்க முடியும், குறைக்க முடியாது. மேடையில எல்லாம் கனமாத்தான் தெரியும்.”

மாவக்கா ஒரு கணம் தயங்கினாள். தயங்கியவள், தன் வழக்கப்படி, பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா இத தூங்கிக்கிட்டே எடுப்பாங்க” என்றாள் தபால்காரி.

நூறு என்றே எழுதப்பட்டது. தபால்காரி தனக்கு எண்பது என்று சொன்னாள்.

அரங்கின் முன்வரிசையை ரொட்டிக்கூடத்து ஆட்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதில் ‘மாவு பொங்கட்டும்’ என்று எழுதிப் பிடித்திருந்தார் அடுப்படிக்காரர். பூட்டுக்காரர் தாமதமாக வந்தார். வழியில் எவரோ குழந்தையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தவித்திருக்கிறார்கள், அதைத் திறந்துவிட்டு வந்தாராம். முன்னால் இடம் இல்லாததால் பக்கவாட்டில், மேடையின் ஓரத்தை ஒட்டிய பலகையில் உட்கார்ந்தார். மனைவியின் உடையைப் பார்த்ததும் கைபேசியை இறக்கிவிட்டு, “என்னம்மா இது, நீச்சலுக்கா வந்திருக்கோம்?” என்று குரல் கொடுத்தார். உடம்போடு ஒட்டிய அந்த ஒற்றை உடையில் ஏற்கெனவே கூசிக்கொண்டிருந்த மாவக்கா, “வாய மூடிக்கிட்டுப் படம் புடிங்க” என்று சைகை காட்டினாள்.

குறைந்த எடை முதலில் என்பது முறையாகையால் தபால்காரி முன்னதாகவே அழைக்கப்பட்டாள். மாவக்கா மேடையோரத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரியான கணத்தில் “ஏறு!” என்றாள். தபால்காரி எழுந்தாள். மூன்றும் வெள்ளை. மாவக்கா தன் தூக்கை மறந்து துள்ளிக் குதித்தாள்.

பிறகு அவள் முறை வந்தது.

கம்பியின் கீழே புகுந்தாள், தோளில் ஏற்றினாள், பின்னால் நகர்ந்து நின்றாள். தலைமை நடுவர் கையை இறக்கி “ஸ்குவாட்!” என்று குந்தச் சொன்னார். மாவக்கா இறங்கினாள். பழகிய குரல் பழகிய கணத்தில் வந்தது: “ஏறு!” எழுந்தாள். அநாயாசமாக எழுந்தாள். முன்வரிசை ஆர்ப்பரித்தது. கம்பியை வைத்துவிட்டுத் திரும்பிய மாவக்கா விளக்குகளைப் பார்த்தாள்.

மூன்றும் சிவப்பு.

“என்னாச்சு?” என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

“ஆழம் பத்தலையாம்க்கா” என்றாள் தபால்காரி, அவள் தோளில் துண்டைப் போட்டபடி. “ஒரு முடி அளவுதான். இந்த நடுவருங்க ரொம்பக் கண்டிப்பு. பயப்படாதீங்க.”

மாவக்கா பயப்படவில்லை, தன்னையே கடிந்துகொண்டாள். முதல் மேடை, கூட்டம், பதற்றம். எங்கோ அவசரப்பட்டிருப்போம் என்று நினைத்தாள். தபால்காரியின் இரண்டாம் முறைக்கும் தவறாமல் குரல் கொடுத்தாள். அதுவும் மூன்று வெள்ளை. தன் இரண்டாம் முறைக்கு அதே நூறோடு போனாள். இந்த முறை இன்னும் இறங்கிவிடுவது என்ற உறுதியோடுதான் போனாள். ஆனால் கால்கள் ஒரு வருடமாக யாருடைய குரலுக்குக் கட்டுப்பட்டு வந்தனவோ அந்தக் குரல் கேட்டதும், அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டன.

மறுபடியும் மூன்று சிவப்பு. முன்வரிசையில் அட்டை கீழே இறங்கியது.

மாவக்கா மேடையை விட்டு இறங்காமல் தலைமை நடுவரிடம் போனாள். “அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒரு முடி அளவுதானே?”

தலைமை நடுவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைக் குறுக்காக நீட்டிக் காட்டினார். “முடி இல்லம்மா. ஒரு கை. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி. இப்படித்தான் பழகியிருக்கீங்களா?”

மாவக்கா மேடையை விட்டு இறங்கினாள்.

பூட்டுக்காரர் இருக்கையை விட்டு ஓடிவந்தார். மனைவிக்கு அநீதி நடந்துவிட்டது என்றே அவர் எண்ணியிருந்தார். “இவங்களுக்குக் கண்ணு தெரியல. இங்க பாரு, நீ எவ்வளவு அழகா எழுந்திரிக்கிறேன்னு பாரு!” என்று கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் அது. மாவக்கா தன்னைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. திரையில் ஒரு பெண் கம்பியைச் சுமந்துகொண்டு, நாற்காலியில் உட்காரப் போய், உட்காராமலே மனம் மாறி எழுந்தாள். இடுப்பு முட்டிக்கு மேலே, எவ்வளவோ மேலே நின்றது. வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் ‘இன்னும் ரெண்டு விரல்’ என்றுகூட மாவக்கா சொல்லியிருக்க மாட்டாள். கம்பியை வைக்கச் சொல்லியிருப்பாள்.

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் எழத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, திரைக்கு வெளியிலிருந்து “ஏறு!” என்ற குரல் தெளிவாகக் கேட்டது.

உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் அறையில் தபால்காரி இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். தன் மூன்றாம் தூக்கையும் அவள் முடித்துவிட்டு வந்திருந்தாள். இந்த முறை மாவக்கா இல்லாமலே. மாவக்கா கைபேசியை அவள் முன்னால் பிடித்தாள்.

“இன்னிக்கு மட்டும் இப்படியா?”

தபால்காரி திரையைப் பார்த்தாள். இடுப்பு வாரை மறுபடி இறுக்கத் தொடங்கினாள்.

“கேக்குறேன்ல. இன்னிக்கு மட்டுமா, எப்பவுமா?”

“எப்பவும் இப்படித்தான்க்கா.”

மாவக்கா திட்டவில்லை. அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. கரும்பலகையில் மாஸ்டர் எழுதிய எண்களும், மாவு அப்பிய கைகளை மடக்கிக் காட்டிய பெண்களும், கணவரிடம் மறைக்கத் தெரியாமல் கொண்டுபோன அந்தச் சிரிப்பும் ஒவ்வொன்றாக நினைவில் வந்து, ஒவ்வொன்றும் காசுக்குப் பெறாததாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே எதுவோ, அடுப்புச் சூடு பத்தாத ரொட்டியைப்போல, மேல் மட்டும் வெந்து நடுவில் அமுங்கிப்போயிற்று.

வெளியே அவள் முறைக்கான அழைப்பு கேட்டது.

“நான் வர்றேன்க்கா. இந்தத் தடவை சரியாச் சொல்றேன்.”

“வேணாம். நீ வாயத் திறக்காத.”

எடையைக் குறைக்க வழியில்லை. உண்மையாக இறங்கினால் நூறு கிலோவை எழுப்பத் தன் கால்களுக்கு வலு உண்டா என்பது அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பமே அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரே ஒரு வெள்ளைத் தூக்கு வேண்டும். அது கிடைத்தால் போட்டியில் இருப்பாள், இல்லையென்றால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

“ஸ்குவாட்!”

இறங்கினாள். வழக்கமாகக் குரல் வருகிற இடம் வந்தது, குரல் வரவில்லை. தாண்டினாள். அதற்குக் கீழே இருந்தது அவள் ஒரு முறையும் கால் வைக்காத இடம். தொடையில் இதுவரை அறியாத ஏதோ ஒன்று இழுபட்டது. மூச்சு நெஞ்சுக்குள் கல்லாகி நின்றது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அப்போது பக்கவாட்டிலிருந்து, சொன்ன சொல்லை மீறி, தொண்டை கிழிய ஒரு குரல் எழுந்தது.

“ஏறுக்கா! போதும்! இப்ப ஏறு!”

கேட்டாள். நன்றாகவே கேட்டாள். கால்கள் உடனே எழத் துடித்தன. ‘இவளா சொல்கிறாள்?’ என்று மனம் அவற்றைப் பிடித்து அழுத்திற்று. அவள் எழவில்லை. இறங்கினாள், அந்தக் குரலுக்கும் கீழே இறங்கினாள். அங்கிருந்து எழ முயன்றபோது நூறு கிலோவும் அசைய மறுத்தது. முதுகு முன்னால் சாய்ந்தது. கம்பி விழாமல் காக்க இரு பக்கமும் நின்ற ஆட்கள் பாய்ந்து கம்பியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

சிவப்பு விளக்குகளை அவள் பார்க்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கியவளை எதிர்கொண்டு வந்து தலைமை நடுவர் அவள் முழங்கையைப் பற்றினார். விதிப்படி இது அவர் செய்யவேண்டிய காரியம் இல்லை.

“மனசு விட்டுடாதீங்க. ஆழம் கிடைச்சுதும்மா. அந்தப் பொண்ணு கத்துச்சே, அப்பவே கிடைச்சிடுச்சு. அந்த நிமிஷமே ஏறப் பாத்திருந்தா எழுந்திருப்பீங்க.”

ஆறுதலாகத்தான் அவர் அதைச் சொன்னார்.

உடை மாற்றும் அறைக்குப் போகிற நடைவழியில், சுவரோடு சாய்த்து அடுக்கியிருந்த ஜிம்னாஸ்டிக் மெத்தைகளின் பக்கத்தில் தபால்காரி காத்திருந்தாள். அழுதிருந்தாள்.

“அக்கா, முதல்ல நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒரு நாள் நீங்க வேலையில ஏதோ திட்டு வாங்கிட்டு வந்தீங்க. முகமே சரியில்ல. சரி, இன்னிக்கு ஒரு நாள் போதும்னு சொல்லிடலாமேன்னு சொன்னேன். அன்னிக்கு எப்படிச் சிரிச்சீங்க தெரியுமா? அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல.”

“சரி.”

“சத்தியமா அக்கா.”

“நம்புறேன். அது முதல்ல. போட்டின்னு பேர் குடுத்த பிறகு?”

தபால்காரி மெத்தையின் தையலை நகத்தால் கீறினாள்.

“அப்ப சொல்லியிருக்கலாம்ல? எடை பாக்குற இடத்துல அந்தப் பொண்ணு குறைச்சுச் சொல்லுங்கன்னு சொல்லுச்சு. நான் உன் மூஞ்சியத்தான் பாத்தேன்.”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.” தையலை விட்டுக் கையை எடுத்தாள். “ஒரே பிரிவு. ஒருத்தர்தான் போக முடியும். உங்கள மாதிரி எனக்கு யாரும் அட்டை புடிச்சுக்கிட்டு வரமாட்டாங்கக்கா. நானா எதுவும் செய்யலயே, சும்மா தானே இருந்தேன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“சும்மா இருக்கல. தூங்கிக்கிட்டே எடுப்பாங்கன்னு சொன்னே.”

மாவக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டுவாடாப் பையின் பாரத்தால் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த அந்த உடம்பை, தபால்காரியின் தாய்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டாள். எந்த முட்டி உள்ளே சாயும், எந்தக் குதிகால் தூக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செதுக்கிய உடம்பு. இன்று ஒரு சிவப்பு விளக்குகூட வாங்காத உடம்பு.

அரங்கிலிருந்து அடுத்த சுற்று அறிவிப்பு வந்தது. படுத்துத் தள்ளுகிற சுற்று. பலகையில் மல்லாந்து படுத்திருப்பவருக்குத் தலைப்பக்கம் ஒருவர் நின்று, தாங்கியிலிருந்து கம்பியை எடுத்து, கழுத்துக்கு நேர் மேலாகக் கொண்டுவந்து கையில் கொடுக்கவேண்டும்.

தபால்காரி கேட்கவேண்டாம் என்றுதான் நின்றாள். கேட்டுவிட்டாள்.

“அக்கா... கம்பி எடுத்துக் குடுக்க எனக்கு யாரும் இல்லக்கா.”

மாவக்கா அதை யோசித்துத்தான் பதில் சொன்னாள். பழிவாங்குகிற குரலாக அது இல்லை.

“மேஜையில கேளு, ஆள் குடுப்பாங்க. நான் வேணாம். கழுத்துக்கு மேல கம்பி நிக்கும். இன்னிக்கு என் கைய நானே நம்பல.”

தபால்காரி தலையசைத்தாள். வந்த வழியே அரங்குக்குள் போனாள்.

உடை மாற்றும் அறை வாசலில் இருந்த நீளப் பலகையில் மாவக்கா உட்கார்ந்தாள். இடுப்பு வார் கழன்றது. முட்டி உறைகள் கழலவில்லை. ரப்பர் போலத் தடித்து, தோலோடு இறுகியிருக்கும் அவற்றைத் தானாக உருவ முடியாது; எதிரில் இன்னொருவர் நின்று இழுக்கவேண்டும். இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

பூட்டுக்காரர் வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்பதை அரையும் குறையுமாக அவர் புரிந்துகொண்டிருந்தார். ஒரு காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உறையின் கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

“அப்படி இல்லங்க. மேலேருந்து சுருட்டணும்.”

“சரி, சரி. எந்தப் பூட்டுக்கும் ஒரு வழி இருக்கு.” சுருட்டினார், வழுக்கிற்று, மறுபடி சுருட்டினார். சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர், கூடவே பேச்சையும் தொடங்கினார். “ஒரு ஒட்டகம் இருந்துச்சாம். அதுக்குத் தன் முதுகு எப்படி இருக்குன்னு பாக்கணும்னு ஆசை. திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, தெரியல. முதுகு மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. ‘என் முதுகு எப்படிப்பா இருக்கு?’ன்னு கேட்டுச்சு. ‘அளவுகோல் வச்சு இழுத்த மாதிரி நேரா இருக்கு’ன்னு சொல்லிடுச்சு காக்கா. உண்மையச் சொன்னா ஒட்டகம் கோவிச்சுக்கிட்டு உதறிடுமோ, உக்காந்திருக்கிற இடம் போயிடுமோன்னு பயம். ஒட்டகமும் நம்பிடுச்சு. நம்பி, ஒரு நாள் தாழ்வா இருந்த வாசல்ல நேரா நுழைஞ்சுதாம். முதுகு இடிச்சுக்கிச்சு.”

உறை ஒன்று பட்டென்று கழன்று வந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வெற்றிகரமாக முடித்தார்.

“இதுல ஒட்டகத்து மேல என்ன தப்பு சொல்லு? தப்பு பூரா காக்கா மேலதான்.”

மாவக்கா மூக்கை உறிஞ்சினாள். உள்ளே அரங்கில் எவருக்கோ கை தட்டினார்கள்.

“காக்காவ விடுங்க. அது பறந்து போயிடும். அந்த ஒட்டகத்துக்கு முதுகப் பாத்துச் சொல்ல வேற யாருமே இல்லைங்க. அத ஏன் கதையில சொல்ல மாட்டேங்கறீங்க?”

பூட்டுக்காரர் அவளுடைய மற்றக் காலை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உறையை மேலிருந்து சுருட்டத் தொடங்கினார்.